இரண்டு விரல்

தடைக்காலத்தின் பதினோராம் நாள்.
ஐஸ் பிளாண்டில் ஒற்றைக் கம்ப்ரெசர் மட்டும்
பேருக்கு முனகிக்கொண்டிருந்தது.
மண்டபம் வடக்குக் கரையில் விசைப்படகுகள்
தோளோடு தோள் உரசி நிற்க,
என் ஆல்டோவின் முன் சக்கரத்துக்கு மேலே
கையை நுழைத்துப் பார்த்தேன்.
நாலு விரல் தாராளமாகப் போனது.
கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி
சேற்றைத் தாண்டப் போகிறவன் போல
நின்றது வண்டி.
ஆறு வருடமாக இப்படித்தான் நிற்கிறது.
அன்றுதான் கண்ணை உறுத்தியது.

காயிலோவர் என்றால் அறுபதாயிரம்.
திருகித் திருகி வேண்டிய உயரம் வைக்கலாம்.
விலையைப் பார்த்துவிட்டு
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
வெல்டர் ஆயிரத்து ஐநூறு கேட்டான்:
"ஒன்றரைச் சுத்து அறுத்தாப் போதும்ணே,
தரையோட தரையா ஒக்காரும்."
சூடு கண்ட கம்பி
பாம்பன் பாலத்து நடுவில்தான் முறியும் என்றான்
உச்சிப்புளி சகுபர் சாதிக்.
அவன் சொன்னது குட்டை ஸ்பிரிங்,
நாற்பது மில்லி இறக்கும்,
நாலும் சேர்ந்து எட்டாயிரத்து எழுநூறு.
பழைய டேம்பரே கொஞ்ச நாள் தாங்கும்.
"கொஞ்ச நாள்னா?"
"அதை ரோட்டுக்கிட்ட கேளு."

பார்சல் வந்தது. அட்டையைக் கிழித்து
பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தோம்.
ஒரு தீப்பெட்டி வித்தியாசம்.
எட்டாயிரத்து எழுநூறுக்கு
ஒரு தீப்பெட்டி.

போல்ட்டுகள் அசையவில்லை.
எங்களுக்கு முன்பே கடல்
வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்திருந்தது.
இரவெல்லாம் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தும்
இடதுபக்கம் ஒன்று தலை போனது.
அதற்கே மதியம் ஆயிற்று.
பிறகு கொக்கிகள் இரண்டை எதிரெதிரே மாட்டி
சுருளை இறுக்கினான் சகுபர்.
அதுவரை ஓயாமல் பேசியவன்
வாயே திறக்கவில்லை.
அமுங்கிய சுருளுக்கு நேராக
யாரும் முகத்தை வைப்பதில்லை.
பின்பக்கம் சுலபம்:
ஆக்சிலைத் தாழ்த்தியதும்
தானாகவே கழன்று கையில் விழுந்தது.

ஜாக்கியை இறக்கினோம்.
மூன்று விரல் போனது.
வயிற்றில் ஏதோ புரண்டது எனக்கு.
"புதுசுல்ல, நூறு கிலோமீட்டர் ஓடட்டும், உக்காரும்."
தனுஷ்கோடிக்கு ரெண்டு தரம் போய்வந்தேன்,
காரணம் ஏதுமில்லாமல்.
உட்கார்ந்தது.
இரண்டே விரல்.
உப்பளத்து ஓரம் நிறுத்திப் படமெடுத்தபோது
யாரோ பணக்காரனின் வண்டி மாதிரி இருந்தது.

ராமநாதபுரத்தில் கல்யாணம்.
மெர்சலின், அவள் தம்பி ரீகன்,
அத்தை, அத்தையின் பித்தளைக் குத்துவிளக்கு.
முதல் வேகத்தடையில் அடிவயிறு
கரகரவென்று தேங்காய் துருவியது.
"எறங்குங்க," என்றேன்.
எல்லாரும் இறங்கி
மேட்டை நடந்து கடக்க,
நான் வண்டியைக் கோணலாகத் திருப்பி
ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கி
அந்தப் பக்கம் போய் நின்றேன்.
ஏறினார்கள்.
மூன்றாவது தடையில் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை,
கதவுகள் தாமாகத் திறந்தன.
பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர்
படியில் தொங்கியபடி விசிலடித்தான்.
பதினாலு தடை.
பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி
பத்தாவதில் மெர்சலின் கேட்டாள்:
"இதுக்கு நடந்தே போயிருக்கலாமே,
வண்டி நம்ம கூட வந்திருக்கும்ல?"
ரீகன் சிரித்தான். நானும்,
கொஞ்சம் தாமதமாக.

மாமனார் அமலதாஸ்
அன்று மாலைதான் முதலில் பார்த்தார்.
வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தவர்
எழுந்து வந்து ஒரு சுற்று நடந்தார்.
"என்ன ஏத்தியிருக்க?"
"ஒண்ணுமில்லையே."
நம்பவில்லை. டிக்கியைத் திறக்கச் சொன்னார்.
ஒரு தண்ணீர் கேன்,
துருப்பிடித்த பழைய ஸ்பிரிங் நாலு.

"வெறுமனேவா இப்படி நிக்குது?"

நிறைந்த பாடோடு கரைக்கு வரும் வள்ளம்தான்
இந்த அளவு தாழ்ந்து வரும்,
விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில்
இரண்டு விரல் விட்டு.
அவர் அதைச் சொல்லவில்லை.
குந்தி உட்கார்ந்து,
ஈயக்கறை படிந்த விரல்களைச்
சக்கரத்துக்கு மேலே நுழைத்துப் பார்த்தார்.
எடுத்தார்.
மறுபடியும் நுழைத்தார்.

தடை முடிய இன்னும் முப்பத்தொரு நாள்.